கை மட்டும் காய்ந்தது

மகனே,

உன் கடிதம் வந்து நாலைந்து நாளாகிறது. முதல் தடவை சந்தோஷமாகப் படித்தேன். தை மாதத்துக்குத் தேதி பார்க்கச் சொல்லியிருந்தாய், பட்டு வேட்டி கொழும்பிலேயே எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாய், எந்தத் தாய்க்குத்தான் சந்தோஷம் வராது? இரண்டாவது தடவை படித்தபோது நடுப்பக்கத்தில் நின்றுவிட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் கைவியர்வைக்கு ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறாய். அப்பாவுக்குச் செய்த அதே ஆபரேஷன்தான், இப்போது இன்னும் சுலபமாகிவிட்டது என்று அங்கே ஒரு டாக்டர் சொன்னாராம். அதோடு நிறுத்தியிருந்தால்கூட நான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். கடைசியில் ஒரு வரி போட்டிருக்கிறாய்: "பொண்ணு வீட்டுல இதப் பத்தி ஒண்ணும் சொல்ல வேணாம்." அந்த வரியில்தான் எனக்குச் சந்தேகம் தட்டியது. மறைத்துச் செய்கிற காரியம் எதுவாக இருந்தாலும் எனக்கு அதன்மேல் சந்தேகம்தான். ஏன் என்று உனக்குத் தெரியாது. தெரியவிடாமல் பார்த்துக்கொண்டது நானும் அப்பாவும்தான். அவருக்குத் தெரிந்தேதான் இதை எழுதுகிறேன். "எழுது, ஆனா படிக்கிறவன் எனக்காக அழுவுற மாதிரி எழுதாத" என்றார். முயற்சி செய்கிறேன்.

நம் வீட்டில் ஒரு கதை உண்டு. தோட்டத்துத் துரை அப்பாவைக் கொழும்புக்கு அனுப்பினார், பெரிய டாக்டர் முதுகைக் கீறி நரம்பை வெட்டினார், கை காய்ந்தது, சின்ன டீமேக்கர் பெரிய டீமேக்கர் ஆனார். நீயும் தங்கச்சியும் இதைக் கேட்டுத்தான் வளர்ந்தீர்கள். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பொய் இல்லாததால்தான் அதை யாரும் கிளறிப் பார்க்கவில்லை.

என் கல்யாணத்தன்று அப்பா என் கையைப் பிடித்தபோது, ஆற்றில் முக்கி எடுத்த கை போல இருந்தது. பயம் என்று நினைத்தேன். மாத்தளை டவுனில் மிளகும் ஏலக்காயும் விற்கிற கடைக்காரர் மகளைத் தோட்டத்து ஆள் கட்டுகிறார், மாமனாரைப் பார்த்து நடுங்குகிறார் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். ஒரு வாரம் கழித்தும் கை அப்படியே இருந்தது. அப்புறம்தான் அது பயம் இல்லை, உடம்பின் வாகு என்று தெரிந்தது. எனக்கு அது பழகிப்போயிற்று. தோளில் எப்போதும் ஒரு துண்டு, உட்கார்ந்து எழுந்தால் முழங்காலில் இரண்டு ஈரக் கைத்தடம். ஆனால் கொழுந்தைத் தூளாக்குகிற டீ ஸ்டோரில் அது பழகிப்போகிற விஷயம் இல்லை. மாடியில் வாடுகிற கொழுந்தை ஒரு பிடி அள்ளி நசுக்கிப் பார்த்துத்தான் பதம் சொல்ல வேண்டும். ஈரக் கையில் எல்லாக் கொழுந்தும் ஈரமாகத்தான் தெரியும். காய்ந்த தூளைத் தொட்டால் அது கையில் ஒட்டிக்கொண்டு பிசுபிசுக்கும். பெரிய டீமேக்கர் ஓய்வு பெறப் போகிற வருஷம், துரை அப்பாவைக் கூப்பிட்டு, வேலை தெரிந்தவன் நீதான், ஆனால் இந்தக் கையை வைத்துக்கொண்டு எப்படிக் கொடுப்பேன் என்று கேட்டார். அவரே கொழும்பில் விசாரித்தார், அவரே செலவும் செய்தார். நல்ல மனிதர்தான். அந்த நல்லதனம்தான் பின்னால் அப்பாவின் வாயைக் கட்டிப்போட்டது.

நீயும் தங்கச்சியும் சின்னவர்கள் என்பதால் நான் கூடப் போகவில்லை. ஒரு மாதம் போலக் கழித்து ரயிலில் வந்தார். மாத்தளை ஸ்டேஷனில் இறங்கியதும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினார்.

"தொட்டுப் பாரு."

தொட்டேன். சுடுசாம்பல் மேல் வைத்து எடுத்தது போல, கதகதப்பாக, ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் இருந்தது. பிளாட்பாரம் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். அழுதுகொண்டே நிமிர்ந்து பார்த்தபோதுதான் அவருடைய இடது கண் இமை பாதியில் நின்றிருப்பதைக் கண்டேன்.

"கண்ணு என்னங்க, தூங்கலியா?"

"ரயில் கரி பட்டிருச்சு. சரியாயிரும்."

அந்தக் கரி இன்றுவரை போகவில்லை.

துரை மிகவும் பெருமைப்பட்டார். பங்களாவுக்கு விருந்தாளிகள் வந்தால் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்புவார். வந்தவர்கள் ஒவ்வொருவராக அவர் கையைக் குலுக்கிப் பார்ப்பார்கள். அப்பா சிரித்துக்கொண்டு நிற்பார். சீக்கிரமே பெரிய டீமேக்கர் குவார்ட்டர்ஸுக்குக் குடிபோனோம். பின்னால் தோட்டம் இருந்த வீடு, உனக்கு ஞாபகம் இருக்கும்.

அந்த வீட்டில்தான் எனக்குச் சந்தேகம் பிறந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவர் வருவதை நிறுத்தினார். ஸ்டோரில் வேலை அதிகம் என்றார். துவைக்கிற கூடையில் அவருடைய உடுப்பு குறைந்துகொண்டே வந்தது. இரண்டு வேட்டி, மூன்று பனியன் போன இடம் தெரியவில்லை. சாயங்காலம் வீடு திரும்பும்போது, நாள் முழுக்கத் தூள் காய வைக்கிற டிரையர் பக்கத்தில் நின்ற மனிதரிடம் தேயிலை வாசனை அல்லவா வர வேண்டும்? சோப்பு வாசனை வந்தது. வெக்கையாக இருக்கிறது என்று சொல்லித் தனியே பாய் போட்டுப் படுத்தார். மலைக்காற்று அடிக்கிற மார்கழியிலும் வெக்கையா? வாராவாரம் முதுகில் எண்ணெய் தேய்த்துவிடுவேனே, அதற்கும் முதுகைக் காட்டவில்லை. "காயம் இன்னும் ஆறல" என்றார். ஆறு மாதத்துக்கு மேலாகியும் ஆறாத காயம் என்ன காயம்?

இதற்கு நடுவில் ஒரு நாள் காலையில், கொழுந்து பறிக்கிற பெண் ஒருத்தியின் புருஷன் எங்கள் வாசலில் வந்து நின்றான். தலைப்பாகையைக் கழற்றவில்லை. அதிலேயே அவன் கோபம் தெரிந்தது.

"ஐயா, நீங்க பெரிய எடத்துல இருக்கிறவங்க. எம் பொஞ்சாதி கொழுந்து கொண்டாந்து போடையில அவளப் பாத்துக் கண்ணடிக்கிறீங்களாம். பாத்தவங்க சொல்றாங்க."

அப்பா வாயைத் திறக்கவில்லை. இமை தானாக இறங்குகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால் அது எப்போதிருந்து, எதனால் என்று கேள்வி வரும் என்று பயந்திருக்கிறார். எனக்கு அப்போது அது தெரியுமா? குற்றம் செய்தவன்தான் இப்படிப் பேசாமல் நிற்பான் என்று நினைத்தேன். நான்தான் அந்த ஆளை ஏதோ சமாதானம் சொல்லி அனுப்பினேன். அடுத்த வீட்டில் பெரிய கிளாக்கரின் சம்சாரம் எல்லாவற்றையும் ஜன்னல் வழியே கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்குச் சாயங்காலமே வந்து, "கையி நல்லாயிட்டா ஆம்பளைக்குத் துணிச்சலும் வந்துரும் அக்கா. முன்னால கூச்சம் இருந்துச்சு, அடங்கிக் கெடந்தாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் பேச்சு முள்ளு மாதிரித் தைத்தது. ஈரக் கையோடு இருந்த மனிதர் என்னுடையவராக இருந்தார். காய்ந்த கையோடு வந்தவர் யாருக்கோ ஆகிவிட்டார் என்று நானே எனக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

ஆனால் தீர்ப்பை வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்து அழுகிற ஆள் இல்லை நான். ஒரு மத்தியானம், நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம், ஸ்டோர் சங்கு ஊதியதும் அவர் பின்னாலேயே போனேன். ஸ்டோரைத் தாண்டி, ரப்பர் மரங்களுக்குள் இறங்கி, தோட்டத்து எல்லைக்கு அந்தப் பக்கம் சிங்கள கிராமத்துப் பாதையில் நடந்தார். அங்கே பொடிமெனிக்கே என்று ஒரு விதவை தேத்தண்ணிக் கடை வைத்திருந்தாள். அப்பா கடைக்குப் பின்பக்கமாகப் போய் மறைந்தார். நான் நேரே கடை வாசலுக்குப் போனேன். ஓரமாக எட்டிப் பார்த்தால், பின்னால் மூங்கில் கொடியில் என் வீட்டு வேட்டி. பக்கத்தில் சட்டை, பனியன். என் கையால் பொத்தான் தைத்த சட்டை.

பொடிமெனிக்கே அடுப்படியிலிருந்து வந்தாள். நரைத்த தலை. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன வேணும் நோனா?"

"அந்த வேட்டி யாரோடது?"

"டீமேக்கர் மாத்தயாட வேட்டி."

"அது ஏன் ஒங்க கொடியில காயுது?"

"ஈரமா இருந்திச்சி. காயப் போடாம வேற என்ன செய்ய?" என்றாள். அவள் குரலில் கேலியும் இல்லை, பயமும் இல்லை. பிறகு என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். "நோனா மாத்தயாட வீட்டு ஆளா? மாத்தயா ஒரு நாளும் எங்க வீட்டுக்குள்ள வந்ததில்ல. பீலிக்குப் போவாரு, குளிப்பாரு, உடுப்பு மாத்துவாரு, போயிருவாரு. நானும் மொதல்ல சந்தேகப்பட்டேன். என்னமோ சீக்குக்காரன், எங்க தண்ணியில வந்து குளிக்கிறான்னு சண்டைக்குப் போனேன். அப்புறமா அவரு காட்டினாரு. போய்ப் பாருங்க நோனா, எங்கிட்ட ஏன் கேக்குறீங்க?"

போனேன். பாறையிலிருந்து மூங்கில் குழாய் வழியே தண்ணீர் விழுகிற இடம். அப்பா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். குளித்து முடித்துத் துவட்டிக்கொண்டிருந்தார். முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் இரண்டு தழும்பு, ஒவ்வொன்றும் ஒரு விரல் நீளம். தோளும் கையும் கழுத்தும் எலும்பு மாதிரி உலர்ந்திருந்தன. மார்புக்குக் கீழே துடைக்கத் துடைக்க ஊறியது. இடுப்பிலிருந்து தொடை வழியே, கெண்டைக்கால் வழியே கோடு கோடாக இறங்கியது. அது தண்ணீர் இல்லை என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

சருகு சத்தம் கேட்டுத் திரும்பினார். என்னைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "தொரைக்குத் தெரியக் கூடாது."

வேறொரு பெண் இருந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது. "தொரைக்கா? நான் யாரு? எனக்குத் தெரிஞ்சா பரவாயில்லையா?" என்று கத்தினேன்.

கல்லின்மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். ஆஸ்பத்திரியிலேயே, கட்டு அவிழ்ப்பதற்கு முன்பே, கை காய்ந்த அதே நாளில் வயிறும் இடுப்பும் படுக்கையை நனைத்திருக்கின்றன. டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். "அது போகப் போகச் சரியாயிரும்னு சொன்னாரு. கையக் காட்டுன்னாரு. காட்டினேன். ரொம்ப சந்தோஷப்பட்டாரு" என்றார். போகப் போக அது கூடியதே தவிரக் குறையவில்லை. ஸ்டோரில் டிரையர் பக்கத்தில் நின்றால் தலைக்கு வியர்க்காது. முகம் சிவந்து மண்டை கொதிக்கும், கண் இருட்டும். அதே நேரம் இடுப்புக்குக் கீழே செருப்பு வழுக்குகிற அளவுக்கு ஊற்றும். முன்பு கை நனைந்தால் ஒரு துண்டு போதும், இப்போது உடம்புக்கு எத்தனை துண்டு வேண்டும் என்று கேட்டார். புளியோ காரமோ நாக்கில் பட்டால் மட்டும் நெற்றி முத்து முத்தாக வியர்க்குமாம். உச்சி வெயிலில் நின்றால் வியர்க்காத நெற்றி, ஊறுகாய்க்கு வியர்க்குமா என்று நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து எலுமிச்சை ஊறுகாயைக் கொடுத்துச் சோதித்துப் பார்த்தேன். வியர்த்தது.

"எங்கிட்ட ஏங்க சொல்லல?"

"ஸ்டேஷன்ல நீ அழுதியே. அவ்வளவு சந்தோஷமா நீ அழுது நான் பாத்ததே இல்ல. அதுக்கப்புறம் எப்பிடிச் சொல்றது?"

மகனே, அவரைச் சந்தேகப்பட்டதற்காக நான் அன்றைக்கும் மன்னிப்புக் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கப் போவதில்லை. மறைத்தவர் அவர். மறைத்த இடத்தை என் மனசு கையில் கிடைத்ததை வைத்து நிரப்பிக்கொண்டது. யாருடைய மனசும் அதைத்தான் செய்யும். நாளைக்கு உன் மனைவியின் மனசும் செய்யும்.

அதன் பிறகு வீட்டிலேயே பகலில் உடுப்பு மாற்றிக்கொள்ள ஏற்பாடு செய்தேன். ஆனால் ஊருக்கு நானும் சேர்ந்து மறைத்தேன். கொடியில் ஏன் இவ்வளவு துணி என்று கிளாக்கர் சம்சாரம் கேட்டால் பிள்ளைகள் அழுக்காக்குகிறார்கள் என்பேன். என் அப்பாவிடம் சொல்லிவிடுவேனோ என்று அவர் என்னைக் கவனிப்பார். மயக்கம் வந்ததை என்னிடம் மறைக்கிறாரோ என்று நான் அவரைக் கவனிப்பேன். இப்படி ஒருத்தரை ஒருத்தர் வேவு பார்த்துக்கொண்டே ஒரு வருஷம் ஓடியது.

மாசி மாதத் தேர் அன்று எல்லாம் வெளியே வந்தது. மாத்தளை டவுனில் அம்மன் தேர். உங்கள் இரண்டு பேரையும் தாத்தா வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம். உன் தாத்தா, மாமாமார், எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் வடம் பிடிக்க நிற்கிறார்கள். மருமகன் மட்டும் நிழலில் நின்றால் நன்றாக இருக்காது என்று அப்பாவும் சட்டையைக் கழற்றித் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். வேண்டாம் என்று நான் கண்ணால் சொன்னேன். பார்க்காத மாதிரி இருந்தார். உச்சி வெயில். எல்லார் முதுகும் பளபளவென்று நனைந்திருக்க, அவர் தோளும் மேல்முதுகும் மட்டும் காய்ந்த பலகை மாதிரி இருந்தன. முகம் செங்கல் நிறமாகிவிட்டது. தேர் முனை திரும்புவதற்குள் கால் பின்னி, நாக்குக் குழறி விழுந்தார். அந்தக் கண் பாதி மூடியபடி.

"ஊத்திக்கிட்டு வந்து அம்மன் வடத்தைத் தொட்டிருக்கான்யா" என்று யாரோ சத்தம் போட்டார்கள். உன் தாத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கூட்டத்துக்குள் புகுந்தேன். தண்ணீர்ப் பந்தலிலிருந்து குடத்தைத் தூக்கி வந்து அவர் தலையில் கவிழ்த்தேன். "குடிக்கல! அவருக்குத் தலை வேர்க்காது! ஆபரேஷன் செஞ்சதிலேருந்து வேர்க்காது!" என்று கத்தினேன். சிலர் சிரித்தார்கள். வியர்க்காமல் இருக்க ஆபரேஷனா என்று கேட்டான் ஒருவன். உன் தாத்தா மட்டும் திரும்பி வந்து, குனிந்து, அப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு இன்னொரு குடத்தை அவரே எடுத்து வந்து ஊற்றினார்.

செய்தி எங்களுக்கு முன்னாலேயே தோட்டத்துக்குப் போய்விட்டது. அடுத்த நாள் துரை கூப்பிட்டனுப்பினார். நானும் போய் ஆபீஸ் வராந்தாவில் நின்றேன். கதவு திறந்துதான் இருந்தது.

"கை காட்டு" என்றார் துரை. அப்பா காட்டினார். துரை அழுத்திப் பார்த்தார். "கை நல்லா இருக்கு. அப்புறம் என்ன?"

"கை நல்லாத்தான் இருக்குங்க தொரை" என்று ஆரம்பித்து அப்பா எல்லாவற்றையும் சொன்னார். துரை கேட்டுக்கொண்டே இருந்தார். முடிவில் அவர் கேட்டது இதுதான்: "வேலை கஷ்டமா? அதுக்கு இந்தக் கதையா?"

எத்தனையோ பேரிடம் காட்டிப் பெருமைப்பட்ட கை அது. அந்தக் கைக்குப் பின்னால் ஒரு உடம்பு இருந்தது என்பதை அவரால் நம்ப முடியவில்லை. வேலையை விட்டு அனுப்பவில்லை, அதைச் சொல்ல வேண்டும். டிரையர் பக்கத்திலிருந்து எடுத்துக் கொழுந்து நிறுக்கிற இடத்துக்குப் போட்டார். பெரிய டீமேக்கராக வேறொருவர் வந்தார். குவார்ட்டர்ஸ் போயிற்று. கொஞ்ச நாளில் அப்பா அந்த வேலையையும் விட்டார். அப்பாவுக்கு நாட்டு மருந்து எடுக்கப் போகிறோம், டவுனுக்கு அருகில் இருப்பது நல்லது என்று உங்களிடம் சொல்லித் தாத்தா வீட்டோடு வந்து சேர்ந்தோம். தாத்தா அவரைக் கடையில் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். தேர் அன்று முகத்தைத் திருப்பியதைப் பற்றி அவர் சாகும்வரை பேசியதில்லை. ஆனால் கடையில் நிழலான இடம் எப்போதும் அப்பாவுக்குத்தான்.

இப்போது அவர் எப்படி இருக்கிறார் என்று நீ வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகிறாய். ஏலக்காய்த் தோல் அவர் காலில் ஒட்டுவதைப் பார்த்து நீ ஒரு முறை சிரித்தாய். ஏன் ஒட்டுகிறது என்று கேட்கவில்லை. கை காய்ந்து காய்ந்து பனிக்காலத்தில் வெடிக்கிறது. தேங்காயெண்ணெய் தடவாவிட்டால் காகிதம் புரட்ட வராது. வெயிலில் போனால் தலையில் ஈரத்துண்டு, கையில் உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர். சரக்கு எடுக்கத் தம்புள்ளைப் பக்கம் போக வேண்டியிருந்தால் விடிகாலையில் போய் வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவார். கடைக்குப் புதிதாக வருகிறவர்கள், இவர் ஒரு கண்ணைச் சுருக்கித் தராசைப் பார்க்கிறாரே, எடையில் ஏதோ செய்கிறார் என்று என் காதுபடவே பேசியிருக்கிறார்கள். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவர் முகத்தை உலகம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறது. அவர் சட்டை செய்வதில்லை. நான் சட்டை செய்கிறேன்.

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டிவிட்டுக் கேட்டேன். "திரும்ப அந்த வயசு வந்தா செஞ்சுக்குவீங்களா?"

மிளகைப் புடைத்துக்கொண்டிருந்தவர் முறத்தை நிறுத்தினார். "கை காயும்னு சொன்னாரு, காஞ்சிச்சு. டாக்டர் பொய் சொல்லல. நான் கேக்காதத அவரு சொல்லல, அவ்வளவுதான்."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"அன்னைக்கி அந்தக் கையோட வேலை செஞ்சது ஒனக்குத் தெரியாது. எவன் கையை நீட்டினாலும் ஒளிஞ்சுக்கத் தோணும். செஞ்சுக்குவேன்னுதான் நெனக்கிறேன்."

இதை உனக்கு எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் நானும் மறைத்தவளாவேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், அந்தப் பதிலையும் நான் முழுசாக நம்பவில்லை. பட்டதெல்லாம் வீண் என்று என் முன்னால் சொல்ல அவருக்கு மனசு வரவில்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.

அதனால் நீ செய்யவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உன் கை ஈரம் எனக்குத் தெரியும். ஸ்லேட்டில் எழுதியதெல்லாம் அழிந்து போகிறது என்று சின்ன வயதில் அழுதவன் நீ. நான் சொல்வது, அந்த டாக்டரைக் கொஞ்சம் சந்தேகப்படு. உன் கையை மட்டும் பார்த்துப் பேசினால் முதுகையும் வயிற்றையும் கண்ணையும் பற்றி நீயே கேள். "சரியாயிரும்" என்றால், எத்தனை பேருக்குச் சரியாயிற்று என்று கேள். போன மாதம் செய்துகொண்டவனைக் காட்டினால் போதாது. செய்துகொண்டு பல வருஷம் வாழ்ந்த ஒருத்தரைக் காட்டச் சொல், அவர் வீட்டு அம்மாவிடமும் இரண்டு வார்த்தை பேசு. அப்படி யாரையும் காட்ட முடியாது என்றால் உன் அப்பா இருக்கிறார், லீவு போட்டுவிட்டு வந்து அவர் முதுகைப் பார். வெட்டிய நரம்பைத் திரும்ப ஒட்ட வைக்க ஆள் கிடையாது. இப்போது அது இன்னும் சுலபமாகிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். யாருக்குச் சுலபம் என்று டாக்டரிடம் கேட்டாயா?

இனி நீ கோபப்படப் போகிற விஷயம். உன் கடைசி வரியை நான் கேட்கவில்லை. நேற்றுக் காலை பஸ் ஏறி உக்குவளைக்குப் போய்ப் பெண் வீட்டில் பாக்கியத்தைப் பார்த்தேன். அவள் அப்பா கடையில் இருந்தார், அம்மா அடுப்படியில் இருந்தாள். நானும் பாக்கியமும் பின்பக்கத்து ஜம்பு மரத்தடியில் உட்கார்ந்தோம். உன் கையைச் சொன்னேன், அப்பாவின் உடம்பைச் சொன்னேன், நீ செய்யப் போவதையும் சொன்னேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் ஒரு பெருமூச்சு விட்டாள்.

"எனக்குக் கை தெரியும் மாமி. பொண்ணு பாக்க வந்தப்ப டம்ளர வாங்கினேன்ல, அது முழுக்க ஈரம். நான்தான் வேற மாதிரி நெனச்சுக்கிட்டேன்."

"எப்பிடி?"

"அவங்க யாரயோ மனசுல வச்சுக்கிட்டு, வீட்டுக்காக வந்து உக்காந்திருக்காங்கன்னு. அதான் இப்பிடி வேர்க்குதுன்னு. அப்பாகிட்டயும் சொன்னேன்."

நீ தங்கியிருக்கிற போர்டிங்குக்கு யாரோ வந்து உன்னைப் பற்றி விசாரித்தார்கள், யாரென்று தெரியவில்லை என்று போன மாதம் எழுதியிருந்தாயே, அது அவள் தாய்மாமன். உனக்குக் கொழும்பில் வேறு குடும்பம் இருக்கிறதா என்று பார்க்க வந்திருக்கிறார். தேதி வைக்க அவர்கள் இழுத்துக்கொண்டிருந்ததும் இதனால்தான். நீ கையை வேட்டியில் துடைத்துத் துடைத்து மறைத்த அந்தக் கொஞ்ச நேரத்தில், அந்த வீடே உன்னைச் சந்தேகப்பட்டுவிட்டது. ஆபரேஷன் செய்து கையைக் காய வைத்திருந்தால் அந்தச் சந்தேகம் தீர்ந்திருக்கும் என்றா நினைக்கிறாய்? சட்டையைக் கழற்ற மாட்டேன் என்கிறாரே என்று அடுத்தது ஆரம்பித்திருக்கும்.

"இப்ப என்ன சொல்ற?" என்று கேட்டேன்.

"செய்யிங்கன்னும் சொல்லல, செய்யாதீங்கன்னும் சொல்லல மாமி. ஒடம்பு அவங்களோடது. ஆனா அதுல என்ன நடந்தாலும் கூட இருக்கப் போறவ நான்தானே? எங்கிட்ட ஒரு வார்த்தை பேசாம கத்திக்குப் போக வேணாம். ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க. அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

நான் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு கிளம்பினேன். வாசல் படலை வரைக்கும் கூட வந்தாள். வந்து, கொஞ்சம் தயங்கி, இன்னொன்றும் சொன்னாள். அதை உன்னிடம் சேர்ப்பிக்கத்தான் இவ்வளவையும் எழுதினேனோ என்னவோ.

"வாரப்ப கையத் தொடைக்காம வரச் சொல்லுங்க மாமி."

என்மேல் கோபம் இருந்தால் திங்கட்கிழமை எழுது. ஞாயிற்றுக்கிழமை உக்குவளைக்குப் போ.

அம்மா